ஏதோ இருக்கிறாள்

சிவமயம்
தென்காசி
10-6-1956

சிரஞ்சீவி தம்பி பால்வண்ணநாதனுக்கு அக்காள் ஆவுடையம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே நானும் உன் அத்தானும் குழந்தையும் இருக்கிறோம். உன்னைக் காசிவிசுவநாதர் சுகமாக வைத்திருக்க வேண்டும்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து நீ போட்ட கடிதமும் மீன் எண்ணெய் பாட்டிலும் வந்து சேர்ந்தன. ஏலே, ஆறு வருஷம் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதியதில் நாம் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதே மறந்துவிட்டதா? தெருவில் கருவாடு விற்கிறவன் குரல் கேட்டாலே கதவைச் சாத்துகிற வீட்டில் மீன் எண்ணெயா? மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போன உன் அத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார். கடைசியில் அதை வண்டி அச்சுக்கு விட்டோம். இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் மகள் கல்யாணசுந்தரி ஏதோ இருக்கிறாள். சாப்பாடு சரியில்லை. நேற்றுக் காலை ஆறு இட்லியோடு எழுந்துவிட்டாள். தூக்கமும் அப்படித்தான். விளக்கு வைத்ததும் படுக்கிறவள் கோழி கூவும்போதே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சாரல் விழத் தொடங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனால் அருவியை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். உதடு நீலம் பூத்த பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

பெற்றவள் சொக்கம்மாள் கண்ணை மூடும்போது இவளுக்கு எட்டு மாசம். கையில் எடுத்தால் பூனைக்குட்டி கனம்கூட இல்லை. நீ கப்பலேறும்போது இரண்டு வயசாகியும் நடக்கவில்லை. தாயில்லாத அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு வயசு. வயசுக்கு ஏற்ற மாதிரி ஏதோ நடமாடுகிறாள், அவ்வளவுதான்.

மழையில் நனையாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆவுடையம்மாள்


சுங்கைப்பட்டாணி
1-7-1956

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்குத் தம்பி பால்வண்ணநாதன் வணங்கி எழுதியது. அத்தானுக்கும் என் வணக்கம். நானும் ரத்தினமும் சுகம்.

உங்கள் கடிதத்தில் குழந்தையைப் பற்றிய பகுதியை நாலைந்து தடவை படித்தேன். சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை, உதடு நீலம். மாசத்துக்கு ஒருமுறை எங்கள் தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வருவார். இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதி அவரிடம் காட்டினேன். உதடு நீலமாகிறது என்றால் இருதயமாக இருக்கலாம், பினாங்குக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்கிறார். ஆறு இட்லியை மட்டும் நான் எழுதவில்லை. இட்லி என்றால் என்ன என்று அவருக்கு எப்படி விளக்குவது?

குழந்தையின் எடை என்ன என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். நிறுத்துப் பார்த்து எழுதுங்கள்.

ராத்திரி ரத்தினத்திடம் சொன்னேன். "இங்கன கூட்டிட்டு வந்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று உடனே சொல்லிவிட்டாள். மலாயாவிலேயே பிறந்தவள் என்றாலும் பேச்சு அவள் அப்பாவின் அம்பாசமுத்திரம் பேச்சுதான். சித்திரையில் எனக்கு நீண்ட லீவு உண்டு. நானே வந்து சுந்தரியைக் கூட்டி வருகிறேன்.

உங்களைக் கேட்டதாக ரத்தினம் எழுதச் சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் தன்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுகிறாள். நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

உங்கள் உடல்நலத்தைப் பற்றியும் எழுதவும்.

தம்பி,
பால்வண்ணநாதன்


தென்காசி
22-7-1956

சிரஞ்சீவி பால்வண்ணநாதனுக்கு ஆசீர்வாதம். உன் அத்தானுக்குக் கொஞ்சம் முதுகுப்பிடிப்பு. மற்றபடி இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றால் உன் வெள்ளைக்கார டாக்டருக்கும் உதடு நீலமாகத்தான் ஆகும். அவரையும் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு.

எடை வேண்டுமாம் எடை! பிள்ளை என்ன பாவூர்சத்திரத்துக்குப் போகிற கத்தரிக்காய் மூட்டையா, தராசில் தூக்கி வைக்க? ஏலே, நீ நம் வீட்டில்தானே பிறந்தாய். "நல்லா இருக்கேன்" என்று நம்மில் யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அப்பா எழுபத்தெட்டு வயசில் ஒரே மூச்சில் நூறு தேங்காய் உரிப்பார். யாராவது விசாரித்தால், "ஏதோ கெடக்கேன்" என்று முனகிக்கொண்டே அடுத்த தேங்காயை எடுப்பார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. உன் மகளுக்கு மூன்று வயசில், மோர் கொண்டுவருகிற தங்கத்தாய், "பிள்ளை கொழுகொழுன்னு இருக்குல்லா" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலமே நெருப்பாகக் காய்ச்சல். பதினோரு நாள் தோளை விட்டு இறக்கவில்லை. அன்றையிலிருந்து யார் கேட்டாலும் ஏதோ இருக்கிறாள் என்றுதான் சொல்கிறேன். எழுதுவதும் அதையேதான்.

ஆகையால் டாக்டரும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். நீ லீவில் வா, ஆசை தீரப் பிள்ளையைப் பார். கூட்டிப்போகிற பேச்சை மட்டும் விட்டுவிடு. இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆவுடையம்மாள்


சுங்கைப்பட்டாணி
18-8-1956

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் நலம்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். இந்த ஊரில் காய்ச்சலில் கிடக்கிறவன்கூட, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பான். அதைக் கேட்டுக் கேட்டு நம் வீட்டு வழக்கம் எனக்கு மறந்துவிட்டது. என் தப்புதான்.

நல்லதாகப் போயிற்று அக்கா. சுந்தரி திடமாக இருக்கிறாள் என்றால் கப்பலில் வரத் தடையே இல்லை. பெர்மிட்டுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டேன். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ரத்தினம் நாலு கவுன் தைத்து வைத்திருக்கிறாள், அளவு தெரியாமல் நாலும் நாலு அளவு. எது சரியாகிறதோ அதைப் போட்டுக்கொள்ளட்டும் என்கிறாள். ஜன்னல் பக்கம் ஒரு சின்னக் கட்டிலும் போட்டாயிற்று.

நீங்கள் கோபப்படக்கூடாது. ஆறு வருஷமாக என் மகளைக் காகிதத்தில்தான் பார்க்கிறேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னோடு அவள் இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அக்கா. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு டாக்டரிடம், இந்தப் பிள்ளை கப்பலில் பிரயாணம் செய்யலாம் என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பவேண்டும். அத்தானிடம் சொல்லவும்.

தம்பி,
பால்வண்ணநாதன்


தென்காசி
14-10-1956

பால்வண்ணநாதனுக்கு ஆசீர்வாதம்.

பதில் எழுத இரண்டு மாசமாகிவிட்டது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை. போன தடவை மாதிரி நினைத்துவிடாதே, இது நிஜமாகவே. சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. வறட்டு இருமல். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கடல் காற்று இவளுக்கு ஆகாது, கப்பல் தாங்க மாட்டாள் என்று வைத்தியர் சொல்கிறார். பெர்மிட், சர்ட்டிபிகேட் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வருஷம் போகட்டும். சீக்குப் பிள்ளையை அலைக்கழிப்பது பாவம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததும் உன் அத்தான் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். ஒட்டித் தபாலில் போடச் சொல்லிச் சுந்தரியிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ஆவுடையம்மாள்


சுங்கைப்பட்டாணி
2-11-1956

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எந்த வைத்தியர் பார்த்தார்? எத்தனை நாளாக இருமல்? தென்காசியில் சரிப்படாவிட்டால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கொண்டுபோங்கள். சாயங்காலக் காய்ச்சல், இருமல் என்றதும் எங்கள் டாக்டர் முகம் மாறிவிட்டது. அவர் சொன்ன வியாதியின் பேரைக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ரத்தினம் கவுன்களை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தோறும் பட்டினி கிடக்கிறாள். நேரில் பார்க்காத பிள்ளைக்காக.

உடனே பதில் எழுதுங்கள் அக்கா.

பால்வண்ணநாதன்


சுங்கைப்பட்டாணி
16-12-1956

அக்காவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. இதற்கு முன் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கணக்கை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

பால்வண்ணநாதன்


தென்காசி
6-1-1957

தம்பி பால்வண்ணநாதனுக்கு அக்காள் எழுதுவது. ஆசீர்வாதம் என்று எழுதக் கை கூசுகிறது. படித்துவிட்டு நீ என்ன திட்டினாலும் அது எனக்குத் தகும்.

முதலில் இதைத் தெரிந்துகொள். உன் மகளுக்கு ஒன்றும் இல்லை. புரட்டாசியில் நான் எழுதியது அத்தனையும் பொய். காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், வைத்தியர் எல்லாமே பொய். ஏன் எழுதினேன் என்று கேட்காதே. நீ விவரம் தெரிந்தவன், உனக்கே தெரியும்.

அந்தக் கடிதத்தை ஒட்டச் சொல்லி அவள் கையில் கொடுத்தேன் இல்லையா, அவள் படித்துவிட்டாள். மூன்றாம் கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு என் எழுத்தா தெரியாது? நான் அதை நினைக்கவில்லை. மறுநாள் முதல் இரண்டு இட்லியோடு கை கழுவினாள். அருவிக்குப் போகலாம் வா என்றால் வரவில்லை என்கிறாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கண் போட்டுவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். தங்கத்தாயை வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன், பாவம். செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்த அன்று பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். இரண்டு வருஷமாக முதலாவது வருகிறவள் இந்தத் தடவை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே அம்மா என்றார். இவளோ கன்னம் ஒட்டி இளைத்துக்கொண்டே போகிறாள். அப்போது வந்த உன் கடிதங்களுக்கு நான் என்னத்தை எழுதுவது?

மார்கழி பிறந்த அன்று காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "அத்தை, நான் எப்பம் செத்துப்போவேன்?" என்றாள்.

"ஏட்டி, விடிஞ்சதும் என்ன பேச்சு பேசுதே?"

"நீங்கதான அப்பாவுக்கு எழுதியிருந்திய. மூச்சு வாங்குது, கப்பல் தாங்க மாட்டான்னு. சீக்குப் பிள்ளைன்னு போட்டிருந்துச்சு. சீக்குன்னா ஓடக் கூடாதுல்லா, அதான் நான் ஓடலை."

எனக்குச் சீப்பு கையை விட்டு நழுவிவிட்டது. உன் அத்தான் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் வந்து முன்னால் நின்று, "ஆவுடை, ஊரு கண்ணு ஊரு கண்ணுன்னு பயந்தியே, பிள்ளை மேல விழுந்தது ஒன் கண்ணுதான்" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிள்ளையை மடியில் இருத்தி, அத்தை பொய் எழுதினேன், உனக்கு ஒரு சீக்கும் இல்லை என்றேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லுதது நீங்கதான?" என்று கேட்டாள். கேட்டதோடு விடவில்லை, நான் சொல்வதையும் நம்பவில்லை. எதை நம்பும் பிள்ளை? நினைவு தெரிந்ததிலிருந்து ஏதோ இருக்கிறாள், ஏதோ இருக்கிறாள் என்றுதானே என் வாயால் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அதனால் நிரூபித்துக் காட்டவேண்டியதாயிற்று. செண்பகாதேவி அருவிக்கு மலைப்பாதையில் கூட்டிப்போனேன். முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து நடந்தாள். பாதி தூரத்தில் கையை விட்டாள். பிறகு ஒவ்வொரு வளைவிலும் பாறைமேல் உட்கார்ந்து, "வாங்க அத்தை, வாங்க" என்று எனக்காகக் காத்திருந்தாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். மேலே அம்மன் சந்நிதியில் விழுந்து கும்பிட்டுவிட்டு, கட்டிப்போன புளியோதரையில் என் பங்கையும் சேர்த்துத் தின்றாள். அதன் பிறகு எட்டே நாளில் பழைய சுந்தரி ஆகிவிட்டாள்.

பத்து நாள் கழித்து உன் அத்தானோடு வண்டியில் ஏற்றிப் பாவூர்சத்திரத்துக்கு அனுப்பினேன். எடை கேட்டாயே. மண்டிக்காரர் சங்கிலிப்பாண்டி, "அண்ணாச்சி, இது எந்தத் தோட்டத்துக் காய்?" என்று சிரித்துக்கொண்டே தராசில் உட்கார வைத்தாராம். ஐம்பத்தெட்டு ராத்தல். எழுதிக்கொள்.

இன்னும் கேள். உன் மகள் நன்றாக இருக்கிறாள். எழுதிவிட்டேன். பல் முத்துமுத்தாக இருக்கிறது, ஒன்றில்கூடப் பூச்சி இல்லை. தலைமுடி இடுப்புக்குக் கீழே, பின்னல் என் கைக்கு அடங்கவில்லை. கிணற்றில் தானே இறைத்துக் குளிக்கிறாள். ஆறு இட்லி அவளுக்குக் காணாது, எட்டு வேண்டும். அவள் சிரித்தால் எதிர்வீட்டு ஹைருன் பீவி அடுப்படியிலிருந்து, "என்னட்டி அங்கன சிரிப்பு?" என்று கேட்பாள். சண்டை போட்டால் ஜெயிப்பாள், தோற்றால் இரண்டு நிமிஷம் அழுதுவிட்டு மறுபடியும் விளையாடப் போவாள். கீழே விழுந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பூனைக்குட்டி கனம்கூட இல்லாமல் என் கைக்கு வந்த பிள்ளை, தம்பி. இப்படி வளர்த்திருக்கிறேன். ஆறு வருஷமாக இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

டாக்டர் சர்ட்டிபிகேட் இதனுள் இருக்கிறது. கப்பல் தாங்குவாள். வந்து கூட்டிப்போ.

ஆவுடையம்மாள்


சுங்கைப்பட்டாணி
28-1-1957

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் நமஸ்காரம். அத்தானுக்கும் சொல்லவும்.

கடிதத்தைத் தோட்டத்து ஆபீஸில் நின்றபடியே படித்தேன். கோபம் வந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மறுநாள் அந்த ஐம்பத்தெட்டு ராத்தலை மட்டும் நினைத்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன், வழியெல்லாம் எனக்கே சிரிப்பு. எனக்குத் தெரிந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். ரத்தினம் பயந்துபோய், உங்கள் கடிதத்தைத் தட்டில் வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற எனக்கும் சேர்த்துச் சுற்றினாள்.

பங்குனிக் கடைசியில் வருகிறேன். கூட்டிப்போகத்தான் வருகிறேன், ஆனால் சுந்தரியை நானே கேட்கிறேன். வரவில்லை என்றால் ஒரு மாசம் உங்களோடு இருந்துவிட்டுத் தனியாகத் திரும்புவேன். வருகிறேன் என்றால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் அவளை உங்களிடம் கொண்டுவருவது என் பொறுப்பு. இதில் நீங்கள் அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம். நானும் ஆசை காட்ட மாட்டேன்.

தம்பி,
பால்வண்ணநாதன்


சுங்கைப்பட்டாணி
9-5-1957

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். எனக்குத்தான் இன்னும் தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது.

ரயில் புறப்பட்ட பிறகு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "போயி பாத்துட்டு வாரேன், புடிக்கலைன்னா வந்துருவேன்" என்று உங்களிடம் அவ்வளவு துணிச்சலாகச் சொல்லிவிட்டு வந்தவள், கடையநல்லூர் வரை ஜன்னல் வழியாகத் தென்காசிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, "அத்தைக்கு இனி யாரு காலு அமுக்கி விடுவா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். சங்கரன்கோவில் வரை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னாள். எனக்குப் பாதிதான் கிடைத்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிய இரண்டாம் நாள் கடல் கொந்தளித்துவிட்டது. மேல்தட்டில் இருந்த அத்தனை பேரும் சுருண்டு விழுந்தோம். ஏற்கெனவே இரண்டு தடவை கடல் தாண்டின நானே மூன்று நாள் தலை தூக்கவில்லை. உங்கள் மருமகள் ஒருத்திதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள். உங்கள் நார்த்தங்காய் ஊறுகாயை ஒவ்வொரு துண்டாக எல்லார் வாயிலும் வைத்தாள். என் தலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க ரொம்ப மெலிஞ்சிருக்கிய. அத்தைகிட்ட ஒரு மாசம் இருந்தா சரியாயிரும்" என்றாள். பினாங்கில் இறங்கும்போது ஐந்தாறு கிழவிகள் இவளை விட மாட்டேன் என்றார்கள்.

ரத்தினத்தின் நாலு கவுனும் சின்னதாகப் போய்விட்டன. அதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், ஒரு ஓட்டம் ஓடச் சொன்னார். நான் எழுதிக் காட்டிய பிள்ளை இவள்தானா என்று மூன்று தடவை கேட்டார். யார் வைத்தியம் பார்த்தது என்றார். என்ன பதில் சொல்வது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது அக்கா? இத்தனை கடிதத்தில் நான் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை.

பால்வண்ணநாதன்

அத்தைக்கு சுந்தரி எழுதுவது. நான் நல்லா இருக்கேன். இங்கே இட்லி சின்னது. பத்து தின்னேன். சின்னம்மா நல்லவங்க. மாமாகிட்ட கால் அமுக்கச் சொல்லுங்க.


தென்காசி
30-5-1957

சிரஞ்சீவி தம்பி பால்வண்ணநாதனுக்கும், சௌபாக்கியவதி ரத்தினத்துக்கும், என் தங்கம் கல்யாணசுந்தரிக்கும் அக்காள் ஆவுடையம்மாள் மனசார ஆசீர்வாதம் செய்து எழுதியது.

ரத்தினம், உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெள்ளிக்கிழமைப் பட்டினியை இனி விட்டுவிடு, பிள்ளை வந்துவிட்டாளே. அன்றைக்கு அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடு. கண்ணில் எரிகிறது என்று கத்துவாள், நெளிவாள், ஓடப்பார்ப்பாள். விடாதே. மூன்று வருஷமாக உன்னைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. பிள்ளையை எங்கே கொடுக்கவேண்டி வருமோ அந்த இடத்தைப் பற்றி விசாரிக்கவே எனக்குப் பயம். அதை மனசில் வைத்துக்கொள்ளாதே. அடுத்த லீவில் நீயும் வரவேண்டும். உன் மாமனார் வீட்டு அருவியை நீ இன்னும் பார்க்கவில்லை.

தம்பி, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். ரயில் போனதும் ஸ்டேஷனில் அழுதேன். வீட்டுக்கு வந்தும் அழுதேன். நாலு நாள் இட்லிக்குப் பழைய அளவே அரிசி ஊறப்போட்டுவிட்டு, மிஞ்சியதை மாட்டுக்கு வைத்தேன். உன் அத்தானும் அந்த நாலு நாளும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய் நின்றார். இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நேற்றுத்தான் இந்த வருஷத்து முதல் சாரல் விழுந்தது, ஹைருன் பீவியையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போய் உதடு நீலமாகும் வரை நின்றுவிட்டு வந்தேன். தங்கத்தாயிடம் போய் என் தப்பைச் சொல்லிவிட்டேன், மறுபடி மோர் கொண்டுவருகிறாள். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தான் சத்தமாகப் படித்தார். மூன்று நாள் கப்பலே சுருண்டு கிடந்தபோது அவள் ஒருத்தி நடமாடினாள் என்கிற இடம் வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். ஹைருன் பீவி வந்ததும் அவளுக்காக ஒரு தடவை. தங்கத்தாய் மோர்ப் பானையை இறக்கி வைத்ததும் அவளுக்காக ஒரு தடவை. ஊரை விட்டு, என்னை விட்டுப் போகிற பிள்ளை ரயிலடியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லையே என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பெருமையாக இருக்கிறது. போக வேண்டிய இடத்துக்குத் தன் காலால் நடந்து போகிற மாதிரி அவளை வளர்த்திருக்கிறேன்.

யார் வைத்தியம் பார்த்தது என்று அந்த டாக்டர் கேட்டாராமே. பதில் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? அடுத்த மாசம் அவர் வரும்போது நேரே போய்ச் சொல். தென்காசி ஆவுடையம்மாள் வளர்த்த பிள்ளை என்று சொல். இங்கிலீஷில் சொல், உரக்கச் சொல். கண் பட்டால் படட்டும்.

ஆவுடையம்மாள்